‘கதிரையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு என்ன களைப்பு?’

இந்த முறை நான் எடுத்துக்கொண்டது தலவாக்கலைக்குக் கிட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கடிதம். எட்டுப் பக்கம். எழுதியவரின் பெயர், தோட்டம், வேலை செய்யும் இடம் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

அவருக்கு 32 வயது. ஹட்டனில் ஒரு நிதிக் கம்பனியின் கிளையில் வேலை. சேர்ந்து நான்கு வருடமும் ஏழு மாதமும் ஆகிறது. சம்பளம் 60,000 ரூபா. கடிதத் தலைப்பில் ‘உதவி எக்சிகியூட்டிவ்’ என்று பதவி. கணவர் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவார். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனை மாமியார் பார்த்துக்கொள்கிறார். மாமியாருக்குச் சீனி வருத்தம், முழங்கால் வலியும் சேர்ந்திருக்கிறது.

அலுவலக நேரம் காலை 8.30 முதல் மாலை 5 மணி வரை, சனிக்கிழமை ஒரு மணி வரை என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் கிழமை நாட்களில் கிளையை விட்டு இறங்க ஏழு மணியாகிறது, சனிக்கிழமை இரண்டரை. பஸ் பிடித்து, பிரதான வீதியில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் ஏறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேரும்போது எட்டரை. அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் முகாமையாளர் ‘இன்றைய கலெக்ஷன் எவ்வளவு, நாளைக்கு யார் யார்’ என்று பத்து, பத்தரை வரை கேட்டுக்கொண்டிருப்பார். மாத முடிவில் போயா (பௌர்ணமி) நாளிலும் வரச் சொல்வார்கள், அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. தீபாவளிக்கும் லீவு தரவில்லை.

இது போதாதென்று வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இரவு எட்டரைக்கு மூன்று நான்கு பேர் காத்திருப்பார்களாம். தோட்டத்தில் பலர் அந்தக் கம்பனியிலேயே கடன் எடுத்தவர்கள். ‘தவணையைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லு புள்ள’ என்று ஒருவர், ‘இந்தச் சிங்களக் கடிதத்தில் என்ன போட்டிருக்கு’ என்று இன்னொருவர், பிறப்புச் சான்றிதழ் படிவத்தோடு மூன்றாமவர்.

போன மாதம் ஒரு நாள் இரவு போனைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினால், மகன் அதை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறான். அடித்துவிட்டார். அடித்த பிறகு விடிய விடியத் தூங்கவில்லை. தலைவலியும் தூக்கமின்மையும் அதற்கு முன்பே இருந்தன.

அவர் கேட்பவை மூன்று. வேலையை விட்டுவிடட்டுமா? முறைப்பாடு செய்தால் என்னைத் தூக்கிவிடுவார்களா? மூன்றாவது கேள்வியை அவர் எழுதியபடியே தருகிறேன்: “என் அம்மா அட்டைக் கடியிலும் மழையிலும் முப்பது வருசம் கொழுந்து எடுத்தாங்க. நான் கதிரையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கே இவ்வளவு களைச்சுப் போறேன். நான் பலவீனமான ஆளா?”

தங்கச்சி, மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது உள்ளே உறுத்திக்கொண்டிருக்கும் வரை சட்டம் தருகிற எந்த உரிமையையும் நீங்கள் வாய் திறந்து கேட்க மாட்டீர்கள்.

உங்கள் அம்மாவின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அப்புறம் மலை, எடுத்த கொழுந்தை நிறுக்கும் பகல் நிறுவை, அந்தி நிறுவை. உடம்பை உடைக்கிற வேலை, அதில் எனக்கும் உங்களுக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தி நிறுவை முடிந்து கூடையைக் கொட்டிவிட்டு இறங்கினால் அன்றைய தோட்ட வேலை முடிந்தது. வீட்டில் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருந்தன, உண்மை. இருந்தாலும் இரவு பத்து மணிக்கு வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்து ‘நாளைக்கு எத்தனை கிலோ எடுப்பாய், இப்போதே சொல்’ என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உங்கள் வேலைக்கு அந்தி நிறுவையே இல்லை. உங்கள் களைப்பின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அம்மாவின் வேலை நாளுக்கு ஒரு முடிவு இருந்ததே, அதுவும் யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்ததல்ல. 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கிய காலத்திலிருந்து, 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டு இறந்தது வரை, அதற்குப் பின்னும், நம் ஆட்கள் நேரத்துக்கும் கூலிக்கும் வரம்பு கேட்டுக் கேட்டு வாங்கியவர்கள். அந்தப் பரம்பரையில் வந்த நீங்கள் ‘எத்தனை மணிக்கு என் வேலை முடியும்?’ என்று கேட்பது அம்மாவுக்குச் செய்கிற துரோகமாகாது. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமே இதைப் பேசிப் பாருங்கள். பிள்ளையைப் படிக்க வைத்த அம்மாக்கள், பிள்ளை தூக்கமில்லாமல் தலைவலியோடு கிடப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் சில விஷயங்களைத் தவறாக நினைத்திருக்கிறீர்கள். சில உங்களுக்குச் சாதகமானவை, சில பாதகமானவை. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நேரத்துக்கு எண்ணிக்கை உண்டு

நீங்கள் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். சாப்பாட்டு நேரத்தைக் கழித்து ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம்: அதுதான் சாதாரண வேலை நேரம். வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு. சாதாரண வேலை நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் மேலதிக வேலை வாங்க முடியாது.

நீங்கள் எழுதிய நேரங்களை வைத்து நான் கூட்டிப் பார்த்தேன். கிழமை நாட்களில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக ஒன்பதரை மணி நேரம். சனிக்கிழமை அரை மணி நேரம் போக ஐந்தரை. மொத்தம் 53. அதாவது வாரத்துக்கு 8 மணி நேரம் மேலதிகம். மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் மேலதிக ஒரு மணி நேரத்துக்குரிய தொகை வரும். உங்கள் சம்பளத்துக்கு அது 375 ரூபா, வாரத்துக்கு 3,000. இரவு வாட்ஸ்அப்பை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. ‘கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கொஞ்சத்தின் விலை இது.

‘நான் எக்சிகியூட்டிவ், எனக்கு ஓ.டி. கிடையாது’ என்கிறீர்கள். நிறைவேற்றுத் தரத்திலும் முகாமைத்துவப் பதவியிலும் உண்மையாகவே இருப்பவர்களுக்கு இந்த நேர விதிகள் அப்படியே பொருந்தாது, அது சரி. ஆனால் பெயர்ப் பலகையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதை முடிவு செய்துவிட முடியாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். உங்களுக்குக் கீழே ஆள் இல்லை. கடன் கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் இல்லை. கவுண்டரில் பணம் வாங்குகிறீர்கள், கணினியில் பதிகிறீர்கள், தவணை கட்டாதவர்களுக்குப் போன் எடுக்கிறீர்கள். இதை அரசின் தொழில் திணைக்களத்துக்குரிய தொழில் அலுவலகத்தில் அப்படியே விவரித்துக் கேளுங்கள்.

‘தேவைப்படும் நேரமெல்லாம் வேலை செய்யச் சம்மதம்’ என்று சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும் பெரிய கயிறாக நினைத்துப் பயப்படுகிறீர்கள். சட்டம் கொடுத்த குறைந்தபட்சப் பாதுகாப்பை ஒரு தாளில் கையெழுத்து வாங்கி இல்லாமலாக்க முடியாது.

போயா நாள் விஷயத்திலும் நியாயம் உங்கள் பக்கம். ஒவ்வொரு பௌர்ணமி தினமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. வேலைக்குக் கூப்பிடலாம், ஆனால் அன்றைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும்.

தீபாவளி அப்படியல்ல. அது பொது விடுமுறை, வங்கி விடுமுறை. ஆனால் தனியார் நிறுவனங்கள் கட்டாயம் கொடுக்க வேண்டிய வர்த்தக விடுமுறைப் பட்டியலில் தீபாவளி இல்லை. தைப்பொங்கல் இருக்கிறது. ஹட்டன் பஜாரில் தீபாவளிக்கு முதல் நாள் நடக்க இடமில்லாத ஊரில் இது அநியாயமாகத்தான் படும், எனக்கும் அப்படித்தான். ஆனாலும் ‘சட்டப்படி தர வேண்டும்’ என்று முகாமையாளரிடம் வாதாடப் போனால் நீங்கள் தோற்றுப் போவீர்கள். அந்தத் தோல்வியோடு மற்ற நியாயங்களும் அடிபட்டுப் போகும். வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் (காஷுவல் லீவு) உங்களுக்கு இருக்கின்றன. தீபாவளிக்கும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் ஜனவரியிலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள். போன வருடம் ஒன்பது நாள் எடுக்காமலேயே விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது கம்பனிக்கு நீங்கள் கொடுத்த நன்கொடை. இந்த வருடம் வேண்டாம்.

இன்னொன்று. இரவில் ஊழியருக்கு மெசேஜ் போடக் கூடாது என்று சட்டம் இருப்பதாகக் கனடாவில் இருக்கும் உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பிரான்சில் 2017 இலிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் மாதத்திலிருந்தும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றிச் சட்ட ஏற்பாடுகள் உள்ளன. இலங்கையில் அப்படித் தனியான உரிமை எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனால் முகாமையாளர் கேட்டு, நீங்கள் இரவு பத்து மணிக்குப் பட்டியல் தயாரித்து அனுப்பினால், அது வேலை. அதை வேலை நேரமாகக் கணக்கில் எழுதி வைக்க உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

கணவரின் கடையும் இதே சட்டத்துக்குள்தான்

‘அவருக்குக் கடை வேலை, லீவு கிடைக்காது’ என்று ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். அந்த வரியைப் படித்ததும் நிறுத்திவிட்டேன். நம் மலையகப் பிள்ளைகள் எத்தனை பேர் கொழும்புக் கடைகளில் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நின்று, மாதத்துக்கு இரண்டு நாள் லீவை முதலாளியின் தயவாக வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள்! சட்டத்தின் பெயரிலேயே கடை முதலில் நிற்கிறது. வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வும், 14 நாளும் 7 நாளும், போயாவும் அவருக்கும் சேர்ந்தவை. உடனே முதலாளியோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர் இரண்டு தடவை வர முடிந்தால் உங்கள் வீட்டில் எவ்வளவு மாறும்? மாமியாரை கிளினிக் கூட்டிப்போவது, மகனின் பாடசாலைக் கூட்டம், அரிசி சாமான் வாங்குவது, இவற்றில் பாதி அவர் கைக்குப் போகும். வீட்டையும் வேலையையும் சமாளிக்கும் வழியை நீங்கள் ஒருத்தியே கண்டுபிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? கடிதம் முழுக்க ‘நான் எப்படிச் சமாளிப்பது’ என்றுதான் இருக்கிறது. ஒரு இடத்திலாவது ‘நாங்கள்’ என்று வந்திருக்கலாம்.

வேலையை விடுவதா?

இப்போது வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஐந்து வருட சேவை பூர்த்தியானால்தான், வேலையை விட்டுப் போகும்போது முதலாளி கொடுக்கும் தொகையான பணிக்கொடை உரிமையாகும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஒவ்வொரு வருட சேவைக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு உங்கள் கணக்கில் 150,000 ரூபா. இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. நாளைக்கே கோபத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தால் அந்த உரிமை போய்விடும். ‘எங்கள் கிளையில் ஒன்பது பேர்தான், எனக்கு இந்தச் சட்டமெல்லாம் பொருந்தாது’ என்று நினைத்திருக்கிறீர்கள். எண்ணுவது கிளையில் உள்ள தலைகளை அல்ல, அந்த முதலாளியிடம் வேலை செய்பவர்களை. நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் கம்பனியில் 15 பேர் இருக்க மாட்டார்களா?

ஊழியர் சேமலாப நிதி வேறு. உங்கள் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் உங்கள் பெயரில்தான் கிடக்கின்றன. விலகினாலும் அது அழிந்துபோகாது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி கட்டும் 3 வீதமும் அப்படியே. ஆனால் உண்மையிலேயே கட்டுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் கழித்திருப்பதும் நிதியில் சேர்ந்திருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

தானாக விலகுவதில் இன்னொரு நட்டமும் உண்டு. விலக்கப்பட்டவருக்குச் சட்டத்தில் கதவுகள் இருக்கின்றன, தானாக விலகியவருக்கு அநேகமாக இல்லை. ‘என்னால் தாங்க முடியாதபடி நடத்தியதால்தான் விலகினேன்’ என்று பிறகு நிரூபிப்பது மிகக் கடினம். அப்படி வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

அதற்காக எந்த விலை கொடுத்தும் அங்கேயே இருங்கள் என்று சொல்லவில்லை. இந்த ஐந்து மாதத்தில் நிலைமையைச் சரி செய்ய முயற்சி செய்யுங்கள். கூடவே வேறு வேலையும் தேடுங்கள். தலவாக்கலையிலேயே கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கு வேலை கிடைத்தாலும் பஸ் செலவும் நேரமும் மிச்சம். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள். ஆனால் உடம்பு நிஜமாகவே தாங்கவில்லை என்றால், ஒன்றரை இலட்சத்துக்காக உயிரை விட வேண்டியதில்லை. முதலில் வைத்தியரைப் பாருங்கள், மருத்துவச் சான்றிதழோடு லீவு எடுங்கள், பிறகு யோசிக்கலாம்.

முறைப்பாடு செய்தால்?

‘தூக்கிவிடுவார்கள்’ என்ற பயம் முழுக்கப் பொய்யில்லை, முழுக்க மெய்யுமில்லை. 15 பேருக்குக் குறையாமல் இருக்கும் நிறுவனத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதாக இருந்தால், ஒன்று அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இது. ஒழுக்காற்றுக் காரணம் காட்டி நிறுத்தினாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். நியாயமில்லாமல் நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

இடமாற்றம், முறைத்துப் பார்ப்பது, கஷ்டமான பகுதியைத் தலையில் கட்டுவது, இதெல்லாம் நடக்கலாம். தொழில் அலுவலகத்தில் பெயரை இரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனாலும் ஒன்பது பேர் கிளையில் யார் போனார்கள் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. அதனால் என் ஆலோசனை, முறைப்பாட்டை இரண்டாவது படியாக வையுங்கள். முதல் படி எழுத்து.

இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் வந்த நேரம், போன நேரம், இரவு மெசேஜ் வந்த நேரம், அதற்குச் செய்த வேலை எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வாடிக்கையாளர் பெயர், கணக்கு விவரம் தெரியாத மாதிரி. பிறகு முகாமையாளருக்கு ஒரு மின்னஞ்சல். குற்றம் சாட்டும் தொனியே வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

“ஐயா, கடந்த இரண்டு வாரங்களில் என் வேலை நேரம் வாரத்துக்கு 53 மணி நேரம் ஆகியுள்ளது. வீட்டில் சுகவீனமான மாமியாரும் சிறு பிள்ளையும் இருப்பதால் கிழமை நாட்களில் மாலை 5.30 மணிக்காவது புறப்பட அனுமதி கேட்கிறேன். மாத முடிவின் கடைசி மூன்று நாட்களும் தேவைப்பட்டால் தாமதித்து நிற்பேன். அந்த மேலதிக நேரத்தையும் போயா தின வேலையையும் பதிவு செய்து உரிய கொடுப்பனவைப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இரவு எட்டு மணிக்குப் பின் வரும் தகவல்களுக்கு மறுநாள் காலை 8.30 மணிக்குப் பதில் தருகிறேன்.”

இதில் நீங்கள் ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கேட்கிறீர்கள். மாத முடிவு நெருக்கடி அவருக்கும் உண்டு. மேலிடத்திலிருந்து அவரையும் யாரோ இரவு பத்து மணிக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து நினைவூட்டுங்கள், மனிதவளப் பிரிவுக்கும் ஒரு பிரதி போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழில் அலுவலகம். அப்போது உங்கள் கையில் கொப்பியும் கடிதமும் இருக்கும்.

இஸ்தோப்பில் காத்திருப்பவர்கள்

எனக்கு மிகவும் மனதில் பட்டது இந்தப் பகுதி. சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. தோட்டத்தில் ஒரு பிள்ளை படித்து அலுவலக வேலைக்குப் போனால், அந்தப் பிள்ளை லயத்துக்கே எழுத்துக்காரி ஆகிவிடுகிறாள். இன்றைக்கும் நம் ஆட்களுக்கு அரச அலுவலகக் கடிதங்கள் சிங்களத்தில் வருகின்றன. அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ‘முடியாது’ என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது, சொல்லவும் வேண்டாம்.

ஆனால் கடன் விஷயத்தையும் படிவ விஷயத்தையும் பிரியுங்கள். கடன் விஷயத்தை வீட்டில் பேசவே கூடாது. ஒருவரின் தவணை பாக்கி இன்னொருவர் காதில் விழக் கூடாது. லயத்துச் சுவரில் எது இரகசியமாக நிற்கும்? ‘மாமா, கணக்கு விஷயத்தை வீட்டில் பேசினால் என் வேலைக்கே ஆபத்து. நாளைக்குக் கிளைக்கு வாங்க, நானே முகாமையாளரிடம் கூட்டிப் போறேன்’ என்று சொல்லுங்கள். இது சாக்குப் போக்கு இல்லை, உண்மை. கேட்பவருக்கும் புரியும், உறவும் கெடாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் இஸ்தோப்பில் நின்று ‘பார்க்கிறேன்’ என்று சொன்னதை அவர் ‘தள்ளிப் போட்டாச்சு’ என்று எடுத்துக்கொண்டு, தண்ட வட்டி ஏறிய பிறகு உங்களைத்தான் ஏசுவார். தவணை மாற்றம் எதுவாக இருந்தாலும் கம்பனியிடமிருந்து எழுத்தில் வாங்குவதுதான் அவருக்கும் பாதுகாப்பு.

படிவங்களுக்கும் கடிதங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ. வீட்டில் வேண்டாம். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதப் பழக்குங்கள். மூன்று மாதத்தில் பாதி வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் யார் வந்தாலும் மாமியார் ‘ஞாயித்துக்கிழமை வாங்க’ என்று சொல்லட்டும். மாமியார் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதியிருந்தீர்கள். அடித்தது தப்பு என்று உங்களுக்கே தெரிகிறது. அதை அவனிடமும் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அம்மா மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையாது. வீட்டுக்குள் நுழைந்ததும் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி எங்கே வைப்பது என்பதை அவனே தீர்மானிக்கட்டும், அரிசி வாளியைத் தவிர. அவன் தூங்கும் வரை எடுக்காதீர்கள். முதல் வாரம் கை பரபரக்கும். குழுவில் இரண்டு பேர் முந்திக்கொண்டு பதில் போடுவார்கள், உங்களுக்குப் பயமாக இருக்கும். அந்தப் பயத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், அதற்கு வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

தூக்கமின்மைக்கும் தலைவலிக்கும் நான் வைத்தியம் சொல்லக் கூடாது. மாதக் கணக்காக இருக்கிறது என்கிறீர்கள், ஆகவே கடையில் பனடோல் வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் காட்டி, இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மனம் விட்டுப் பேச வேண்டும் போலிருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம்.

கடைசியாக, நியமனக் கடிதத்தின் பிரதி உங்களிடம் இல்லை, சேரும்போது பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. இந்த வாரமே மனிதவளப் பிரிவுக்கு எழுதி ஒரு பிரதி கேளுங்கள். வங்கிக் கடனுக்குத் தேவை என்று எல்லோரும் கேட்பதுதான், யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். சேர்ந்த திகதி அதில் இருக்கும். ஐந்து வருடம் என்றைக்குப் பூர்த்தியாகிறது என்பதை அதை வைத்துத்தான் எண்ண வேண்டும். கடிதம் கிடைத்ததும், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும் கொப்பியையும் அதோடு சேர்த்து ஒரு கோப்பில் போட்டு, அலுவலக மேசையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.